வீட்டுத் தரகரின் கூலி: மார்க்கத் தீர்ப்பு என்ன?

அல்லாஹு தஆலா மனிதர்களுக்கு அருளிய நிஃமத்துகளை எண்ணிக் காட்டும்போது, அவர்களுடைய வீடுகளை அவர்கள் அமைதி பெறும் இடமாக ஆக்கியதையும் நஹ்லு ஸூராவில் (16:80) சேர்த்தே கூறுகின்றான். சொந்த வீடு இல்லாதவருக்கு அந்த அமைதி வாடகை வீட்டில்தான் கிடைக்கவேண்டும். காயல்பட்டினத்திலிருந்தோ மேலப்பாளையத்திலிருந்தோ பிழைப்புக்காகவும் பிள்ளைகளின் படிப்புக்காகவும் சென்னைக்குக் குடிபெயர்கின்ற குடும்பம், மண்ணடியிலும் திருவல்லிக்கேணியிலும் பாங்கோசை கேட்கும் தூரத்தில் ஒரு வீடு கிடைக்காதா என்று அலைகின்றது. அப்படி அலையும்போது முதலில் எதிர்ப்படுபவர், புரோக்கர் என்று மக்கள் அழைக்கும் வீட்டுத் தரகர்.

இவரைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. நோகாமல் தின்னும் காசு, ஆகவே ஹராம் என்பார்கள் ஒரு சாரார். கொடுப்பவர் கொடுக்கின்றார், வாங்குபவர் வாங்குகின்றார், இதில் மார்க்கத்துக்கு என்ன வேலை என்பார்கள் மறு சாரார். இவ்விரண்டும் பிழையே. தரகு செய்யும் நம் சகோதரர்களில் ஐவேளையும் ஜமாஅத்துடன் தொழுகின்றவர்கள் பலர் உள்ளனர். அவர்களுடைய பிள்ளைகள் உண்ணும் சோறு ஹலாலா, ஹராமா என்பது இந்த மஸ்அலாவில் அடங்கியிருப்பதால் இதைச் சற்று விரிவாகவே பார்க்கவேண்டியுள்ளது.

தரகு ஆகுமான தொழிலே

தரகரை அரபு மொழியில் ‘ஸிம்ஸார்’ என்பர். இதன் பன்மை ‘ஸமாஸிரா’. மதீனாவில் கடைத்தெருவில் கொடுக்கல் வாங்கல் செய்துவந்த தங்களை மக்கள் இப்பெயரால் அழைத்துவந்ததாகவும், ரஸூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தங்களிடம் வந்து, அதைவிட அழகிய ‘துஜ்ஜார்’ (வியாபாரிகள்) என்னும் பெயரால் அழைத்ததாகவும் கைஸ் இப்னு அபீ ஃகரஸா (ரலி) அவர்கள் அறிவிக்கின்றார்கள். வியாபாரத்தில் வீண் பேச்சும் சத்தியம் செய்வதும் வந்து கலந்துவிடும், ஆகவே அதனோடு ஸதகாவைக் கலந்துகொள்ளுங்கள் என்ற கருத்தையும் நாயகம் (ஸல்) அவர்கள் அப்போது கூறினார்கள். இந்த ஹதீது அபூதாவூது, திர்மிதீ முதலிய கிரந்தங்களில் வந்துள்ளது. தொழிலை அவர்கள் தடுக்கவில்லை. அதில் எந்த இடத்தில் அழுக்குப் படியும் என்பதைக் காட்டிக் கொடுத்தார்கள். இன்றைய வீட்டுத் தரகிலும் அழுக்குப் படிவது அதே இடத்தில்தான்.

இமாம் புகாரீ (ரஹ்) அவர்கள் தமது ஸஹீஹில் கூலி பற்றிய பாடத்தில், தரகரின் கூலிக்கென்றே ஒரு தனித் தலைப்பிட்டு, இப்னு ஸீரீன், அதாஃ, இப்ராஹீம், ஹஸன் (ரஹ்) ஆகிய தாபியீன்கள் அதில் குற்றம் காணவில்லை என்று பதிவு செய்துள்ளார்கள். ஆக, தரகுக் கூலி அதன் அசலில் ஹலால். ஆனால் எந்தக் கூலியும் எதற்காக, யாரிடமிருந்து, எவ்வளவு என்பது முன்கூட்டியே துலங்கியிருந்தால்தான் ஹலாலாக நிற்கும். வீட்டுத் தரகில் வரும் தகராறுகளில் பெரும்பாலானவை, இம்மூன்றையும் வாய்திறந்து பேசாமல் விட்டதன் விளைவேயாகும்.

எவ்வளவு, எப்போது?

நம் தமிழகத்துக் கடலோர ஊர்களில் ஷாபிஈ மத்ஹபினரும், உள்நாட்டு ஊர்களில் ஹனபி மத்ஹபினரும் மிகுதியாக வாழ்கின்றனர். ஆகவே இரண்டு மத்ஹபுகளின் சட்டத்தையும் குறிப்பிடுகின்றோம்.

ஷாபிஈ மத்ஹபில் இது பெரும்பாலும் ‘ஜுஆலா’ என்னும் ஒப்பந்தத்தில் சேரும். இன்ன காரியத்தை முடித்துத் தருபவருக்கு இன்ன தொகை என்று சொல்வதே ஜுஆலா. யூஸுபு (அலை) அவர்களின் வரலாற்றில், காணாமற்போன அரசரின் அளவுப் பாத்திரத்தைக் கொண்டுவருபவருக்கு ஓர் ஒட்டகச் சுமை தானியம் என்று அறிவிக்கப்பட்டது (12:72) இதற்கு எடுத்துக்காட்டு. இதில் தொகை தெரிந்ததாக இருக்கவேண்டும். காரியம் முடிந்தால்தான் கூலி கடமையாகும். பத்து வீடுகளைக் காட்டியும் ஒன்றும் அமையவில்லையென்றால் தரகருக்கு ஒன்றும் வராது. வீடு அமைந்தாலும் அமையாவிட்டாலும் காட்டுவதற்கே இவ்வளவு என்று முதலிலேயே பேசிக்கொண்டால் அது வேறு. அது நடந்து காட்டும் வேலைக்கான கூலி, அதை வாங்குவதும் ஆகும்.

சென்னையில் ஒரு மாத வாடகையைத் தரகாக வாங்கும் வழக்கம் பரவலாக உள்ளது. வீட்டின் வாடகை 12,000 ரூபாய் என்று தெரிந்த பிறகு ‘ஒரு மாத வாடகை’ என்றால் அது தெரிந்த தொகையே, தடையில்லை. வீடும் தெரியாமல் வாடகையும் தெரியாமல், அமைகின்ற வீட்டின் ஒரு மாத வாடகை என்று பேசினால் தொகை தெரியாததாகின்றது. ஆகவே வீட்டைப் பார்க்கும் நேரத்தில் ரூபாயைக் குறிப்பிட்டு ஒருமுறை சொல்லிக்கொள்வது நல்லது. கூலியைப் பற்றி ஒன்றுமே பேசாமல் வேலை வாங்கிவிட்டால்? இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் ‘மின்ஹாஜ்’ கிரந்தத்தில், கூலி பேசாமல் துணியைத் தைக்கக் கொடுத்தால் தையற்காரருக்குக் கூலி இல்லை என்பதையே முதற்சொல்லாகக் கூறுகின்றார்கள். அதை அடுத்து, அவர் கூலிக்குத் தைப்பவர் என்று அறியப்பட்டவராக இருந்தால் கூலி உண்டு என்ற சொல்லையும் எடுத்துக்காட்டி, அது நல்லதாகக் கருதப்படுவதையும் குறிப்பிடுகின்றார்கள். தொழில்முறைத் தரகரிடம் வேலை வாங்கிக்கொண்டு முதற்சொல்லைக் காட்டித் தப்பிக்கப் பார்ப்பது நம் பார்வையில் பேணுதலுக்கு அழகல்ல.

அதே மின்ஹாஜில் இன்னொரு மஸ்அலா உண்டு. சொல்பவருக்குச் சிரமம் ஏதும் தராத ஒரு சொல்லுக்காக ஒருவரைக் கூலிக்கு அமர்த்துவது, அந்தச் சொல்லால் சரக்கு விற்றுப்போனாலும் சரி, செல்லாது. தெருமுனையில் நின்றுகொண்டு, ‘அதோ அந்த மாடி காலியாக இருக்கிறது’ என்று கைகாட்டிவிட்டு ஒரு மாத வாடகை கேட்பவர் இதைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். சாவி வாங்கி, வீட்டைத் திறந்து காட்டி, வீட்டுக்காரரிடம் பேசி, ஒப்பந்தம் எழுதும்வரை கூடவே நிற்பவர் இதில் சேரமாட்டார். அவர் உழைக்கின்றார்.

ஹனபி மத்ஹபிலோ, தரகுக் கூலி அசல் சட்டப்படி பழுதுடைய ஒப்பந்தமாக இருந்தாலும், மக்களிடையே அது பெருவழக்காகிவிட்டதால் குற்றமில்லை என்று நம்புவதாக முஹம்மதிப்னு ஸலமா (ரஹ்) அவர்கள் கூறியதை இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதியுள்ளார்கள். தரகர் உரிமையாளரின் அனுமதியுடன் தாமே விற்றால் கூலி விற்பவர் மீது கடமை. தரகர் இருவருக்கிடையே பாடுபட்டு, உரிமையாளரே விற்றால், கூலி யார் மீது என்பதை ஊர் வழக்கே முடிவு செய்யும். வாடகைக்கும் இதை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

இவ்விடத்தில் தரகருக்கு நாம் செய்யும் அநியாயத்தையும் சொல்லாமல் இருக்கமுடியாது. தரகர் வீட்டைக் காட்டுகின்றார். நமக்கும் பிடித்திருக்கின்றது. ‘யோசித்துச் சொல்கிறோம்’ என்று அவரை அனுப்பிவிட்டு, மாலையில் வீட்டுக்காரரை நேரில் பார்த்து, தரகை மிச்சப்படுத்திக்கொண்டு பேசி முடித்துவிடுகின்றோம். இது சாமர்த்தியம் என்று வீட்டில் பேசிச் சிரிக்கவும் செய்கின்றோம். வேலை தொடங்கிய பிறகு கூலி சொன்னவர் ஒப்பந்தத்தை முறித்தால், நடந்த வேலைக்கு அத்தகைய வேலைக்குரிய கூலியைக் கொடுத்தேயாகவேண்டும் என்பது ஜுஆலாவின் சட்டம். இங்கே வேலை தொடங்கியது மட்டுமல்ல, அதன் பலனையும் நாம் பறித்துக்கொண்டோம். கூலிக்கு ஆள் பிடித்து, வேலையை முழுமையாக வாங்கிக்கொண்டு, கூலியைக் கொடுக்காதவனுக்கு எதிராக மறுமையில் தானே வழக்காடுவதாக அல்லாஹ் கூறும் ஹதீது குத்ஸி புகாரீயில் உள்ளது. அப்படி மிச்சமாக்கிய பணத்தில் வாங்கிய திரைச்சீலை தொங்கும் வீட்டில் என்ன பரக்கத் இருக்கும்?

அவர் யாருடைய ஆள்?

தரகர் ஒருவருக்காகப் பேசுகின்றார் என்றால் அவர் அந்த ஒருவரின் வகீல். வகீல் அமானிதம் சுமப்பவர். ஒரு மஸ்அலாவைப் பார்ப்போம். ஸைது என்பவர் தமது வீட்டை மாதம் 10,000 ரூபாய்க்கு விடச் சொல்லித் தரகர் பக்ரிடம் ஒப்படைக்கின்றார். பக்ரு, குடிவரும் அம்ரிடம் 12,000 என்று பேசி, மாதந்தோறும் வாங்கி, ஸைதிடம் 10,000 கொடுத்துவிட்டு 2,000 ரூபாயைத் தாம் எடுத்துக்கொள்கின்றார். ஸைது கேட்டது அவருக்குக் கிடைத்துவிட்டதே, மேற்கொண்டு கிடைத்தது என் திறமை என்பது பக்ரின் வாதம்.

உர்வத்துல் பாரிக்கீ (ரலி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தீனாரைக் கொடுத்து ஓர் ஆடு வாங்கிவரச் சொன்னார்கள். அவர்களோ அதற்கு இரண்டு ஆடுகள் வாங்கி, ஒன்றை ஒரு தீனாருக்கு விற்று, ஆட்டையும் தீனாரையும் கொண்டுவந்து சமர்ப்பித்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வியாபாரத்தில் பரக்கத்துக்காக துஆச் செய்தார்கள். இது புகாரீயில் உள்ளது. அந்த ஸஹாபியின் திறமையில் யாருக்குச் சந்தேகம்? திறமையால் வந்த இலாபத்தை அவர்கள் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. வகீலின் கையில் வந்த ஆதாயம் அனுப்பியவருக்கே சேரும். ஆகவே பக்ரு எடுத்துக்கொண்ட 2,000 ரூபாய் ஸைதின் சொத்து.

இன்ன விலைக்கு மேல் கிடைப்பது உனக்கு என்று சொல்லித் துணியை விற்கக் கொடுப்பதில் குற்றமில்லை என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியதும் புகாரீயில் வந்திருக்கின்றதே என்று கற்றறிந்தவர்கள் கேட்கக்கூடும். உண்மைதான். ஆனால் அது உரிமையாளர் தாமே மனம் ஒப்பிச் சொன்னது. அதிலும் கூலி எவ்வளவு என்று தெரியாததால் பெரும்பாலான இமாம்கள் அதை அனுமதிக்கவில்லை, வழக்கமான கூலியே அவருக்கு உண்டு என்றனர். ஸைதுக்குத் தெரியாமல் எடுப்பதற்கு அதில் ஆதாரம் இல்லை. இருவரிடமும் தரகு வாங்குவது, இருவருக்கும் தெரிந்தும் சம்மதித்தும் இருந்தால் ஆகும். அம்ரிடம், ‘நான் உங்களுக்காகத்தான் அலைகிறேன்’ என்று சொல்லி வாங்கிக்கொண்டு, ஸைதிடமும் இரகசியமாகப் பெற்று, ஸைதுக்காக வாடகையை ஏற்றிவிடுவது மோசடி.

இது வெறும் கணக்கு வழக்கல்ல. கணவரை இழந்து, அவர் விட்டுச்சென்ற மேல்மாடியின் வாடகையில் பிள்ளைகளை வளர்க்கும் பெண்கள் நம் மஹல்லாக்களில் எத்தனையோ பேர். இத்தாவிலும் அதற்குப் பின்னும் அவர்கள் வெளியே வந்து பேரம் பேசுவதில்லை, தரகரின் சொல்லையே நம்புகின்றனர். அந்த வீட்டில் யதீம்களின் பங்கும் இருக்கும். அங்கே 2,000 ரூபாயை ஒளித்தவர் யதீமின் பொருளில் கைவைத்தவராகின்றார். யதீமின் பொருளை அநியாயமாக உண்பவர்கள் தங்கள் வயிற்றில் நெருப்பையே நிரப்புகின்றனர் என்னும் நிஸாஃ ஸூராவின் எச்சரிக்கை (4:10) தரகருக்கு மட்டும் விலக்களிக்கவில்லை. அத்தகைய பெண்களுக்கு நாம் சொல்வது: வாடகை எவ்வளவு என்பதைக் குடிவருபவரின் வீட்டுப் பெண்களிடமிருந்தே கேட்டு அறிந்துகொள்ளுங்கள். பணம் உங்கள் கைக்கோ வங்கிக் கணக்குக்கோ நேரே வரட்டும்.

வேறு யாரும் கேட்காமலிருக்க, ‘சாயங்காலம் இரண்டு பார்ட்டி அட்வான்ஸோடு வருகிறார்கள்’ என்று அவசரப்படுத்துவது, வாங்கும் எண்ணமின்றி விலையேற்றிவிடும் ‘நஜ்ஷு’ என்னும் தடுக்கப்பட்ட செயலின் இனத்தைச் சேர்ந்தது. பேசி முடித்து ஒப்புக்கொண்ட வீட்டை, அடுத்தவர் 500 ரூபாய் கூடக் கொடுக்கின்றார் என்று திருப்பிவிடுவதும், சகோதரரின் வியாபாரத்தின் மீது வியாபாரம் செய்யக்கூடாது என்ற தடையில் நுழையும்.

வெள்ளையடித்த சுவர்

நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள் (முஸ்லிம்). சித்திரை வெயிலில் வெள்ளையடித்துக் காட்டப்படும் சுவரில் ஐப்பசி மழையில் ஈரம் ஊறும் என்பது தரகருக்குத் தெரியும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வெள்ளம் வந்தபோது எந்தெந்தக் கீழ்த்தளங்களில் தண்ணீர் புகுந்தது என்பதும் அந்தப் பகுதித் தரகருக்கு மனப்பாடம். ஊருக்குப் புதிதாக வரும் குடும்பத்துக்கு அது தெரியாது. கேட்டால் மட்டும் சொல்லலாம் என்றிருப்பது போதாது. குறையை அறிந்தவர் கேளாமலே சொல்லவேண்டும். கோடையில் கிணறு வற்றுவதும், லாரித் தண்ணீருக்குத் தனியே பணம் கட்டவேண்டியிருப்பதும் இவ்வகையே.

வீட்டுக்காரர் எப்படிப்பட்டவர் என்று குடிவருபவர் கேட்டால் உண்மையைச் சொல்வது புறம் பேசுவதாகாதா? ஆகாது. ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்கள் தம்மைப் பெண் கேட்ட இருவரைப் பற்றி ஆலோசனை கேட்டபோது நாயகம் (ஸல்) அவர்கள் இருவரின் குறையையும் எடுத்துக் கூறினார்கள். ஆலோசனை கேட்பவருக்குத் தேவையான அளவு சொல்வது புறத்தில் விலக்களிக்கப்பட்ட இடங்களில் ஒன்று என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியுள்ளார்கள். கேட்டதற்கு மேல் பழைய கதைகளை அவிழ்த்துவிடுவதற்கு இது அனுமதியல்ல.

‘லீஸ்’ என்னும் ஒத்தி

இன்று தரகர்கள் வழியாக நம் வீடுகளுக்குள் நுழையும் பெரிய ஆபத்து இதுவே. ஐந்து லட்சம் ரூபாயை வீட்டுக்காரரிடம் கொடுத்து, இரண்டு ஆண்டுகள் வாடகையின்றிக் குடியிருந்து, போகும்போது ஐந்து லட்சத்தையும் முழுமையாகத் திரும்பப் பெறுவதை ஊர்ப்புறத்தில் ஒத்தி, போக்கியம் என்றும் சென்னையில் லீஸ் என்றும் சொல்கின்றனர். தொழுகையாளிகளும் ஹாஜிகளும்கூட, வட்டி வாங்கவில்லையே, வீட்டில்தானே இருக்கிறோம் என்று இதில் நிம்மதியாக இருக்கின்றனர்.

பெயரை விட்டுப் பொருளைப் பாருங்கள். திரும்பப் பெறும் நிபந்தனையோடு கொடுத்த ஐந்து லட்சம், கடன். கடன் கொடுத்ததற்காகக் கிடைத்த பலன், இரண்டாண்டு குடியிருப்பு. கடன் கொடுத்தவருக்கு நிபந்தனையாகப் பலனை ஈட்டித் தரும் எந்தக் கடனும் ரிபா என்பது நான்கு மத்ஹபினரும் ஏற்ற விதி. மாதம் 10,000 ரூபாய் பெறும் வீடானால் அவர் 2,40,000 ரூபாய் வட்டியாக அனுபவித்துவிட்டார், ரூபாயாக அல்லாமல் நிழலாக. பேருக்கு மாதம் 100 ரூபாய் வாடகை என்று எழுதிக்கொள்வதும், அட்வான்ஸை இரண்டு லட்சம் கூட்டினால் வாடகையில் 3,000 குறைப்பேன் என்பதும் இதே சாயல்தான்.

ரிபாவை உண்பவர், கொடுப்பவர், எழுதுபவர், சாட்சிகள் இருவர் ஆகிய அனைவரையும் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்து, அவர்கள் சமமே என்றும் கூறியதாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு முஸ்லிமில் உள்ளது. எழுதியவருக்கே இந்நிலை என்றால், இரு தரப்பையும் தேடிப்பிடித்து இணைத்து வைத்தவரின் நிலை என்ன? லீஸுக்காக வாங்கிய தரகு ஹலாலாகாது.

வீட்டுக்காரருக்கு மொத்தப் பணம் தேவையென்றால் ஆகுமான வழி இருக்கின்றது. இரண்டாண்டு வாடகையை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றுக்கொள்ளலாம். முன்பணமாகத் தருவதற்காக வாடகையையே 10,000 என்பதற்குப் பதில் 9,000 என்று தொடக்கத்தில் பேசி 2,16,000 ரூபாய் வாங்கினாலும் குற்றமில்லை. அது வாடகை, திருப்பித் தரவேண்டியதில்லை. இடையில் வீடு குடியிருக்க இயலாதபடி பாழானால் மீதி மாதங்களுக்குரியதைத் திருப்பவேண்டும். தரகர்கள் இதை எடுத்துச் சொன்னால் இரு குடும்பங்களை ரிபாவிலிருந்து காத்த நன்மை அவர்களுக்குண்டு.

சாதாரண அட்வான்ஸ் பற்றியும் ஒரு வார்த்தை. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது சென்னையில் நெடுநாள் வழக்கம். 2019 பிப்ரவரி 22 முதல் நடப்புக்கு வந்த தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வேறு விதமாக உடன்பாடு இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது என்கின்றது. ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து பதியவும் சொல்கின்றது. தவணைக் கடனை எழுதிக்கொள்ளுங்கள் என்னும் பகரா ஸூராவின் கட்டளையை (2:282) ஓதும் நாம் அதில் பின்தங்கக்கூடாது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் பதிவு செய்யச் சொல்வது விற்பனைத் தரகரைத்தான். வாடகைத் தரகரை அது தொடவில்லை. அவரைக் கேள்வி கேட்க அவருடைய ஈமானே இருக்கின்றது.

வேறு சில மஸ்அலாக்கள்

டோக்கன் என்று 5,000 ரூபாய் கொடுத்துவிட்டுப் பிறகு வீடு வேண்டாம் என்றால் அதைத் தரகரோ வீட்டுக்காரரோ வைத்துக்கொள்ளலாமா? இது ‘உர்பூன்’ எனப்படும். ஷாபிஈ, ஹனபி, மாலிகீ மத்ஹபுகளில் கூடாது. ஹன்பலீ மத்ஹபில் ஆகும். நம் மத்ஹபுப்படி திருப்பிக் கொடுக்கவேண்டும்.

முஸ்லிம்களுக்கு வீடு இல்லை என்று சொல்லப்படும் இடங்களில், பெயரை மாற்றிச் சொல்லி வீடு பிடித்துத் தருவதாகச் சில தரகர்கள் சொல்கின்றனர். அந்தப் பொய்க்கு உடன்படக்கூடாது. பொய் வெளிப்படும் நாளில் குழந்தைகளோடு வெளியேற வேண்டிவரும். வீட்டில் இறைச்சி சமைக்கக்கூடாது என்ற நிபந்தனையை ஏற்றுக் குடிபுகுந்தவர் அதைக் காக்கவேண்டும். முடியாதென்றால் ஏற்காமலே இருந்திருக்கவேண்டும். அதுபோலவே, வீடு விடும் முஸ்லிம்கள் பிற மதத்தவரை மதத்துக்காக மட்டும் விரட்டுவதும் அழகல்ல. ஹிஜ்ரத்தின்போது தம் உயிரையே ஒப்படைத்து வழிகாட்டியாக நாயகம் (ஸல்) அவர்கள் கூலிக்கு அமர்த்தியவர் முஸ்லிமல்லர். அவர் தொழில் தெரிந்தவராகவும் நம்பகமானவராகவும் இருந்தார்.

பதினொரு மாதம் முடிந்து, வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் தாங்களே பேசி ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது, அன்று வீடு காட்டிய தரகர் வந்து மீண்டும் அரை மாத வாடகை கேட்டால் கொடுக்கவேண்டுமா? முதலிலேயே அவ்வாறு பேசியிருந்தாலன்றி, அல்லது இப்போது ஒப்பந்தம் எழுதும் வேலையை அவர் செய்து கொடுத்தாலன்றி, கடமையில்லை. அவர் முடித்த வேலைக்கு அன்றே கூலி பெற்றுவிட்டார். மனம் விரும்பிக் கொடுத்தால் அது அன்பளிப்பு. அதைக் கேட்டு நெருக்கவோ, கொடுக்காதவரைக் கிளப்பிவிட்டு வேறு குடியை வைக்கும்படி வீட்டுக்காரரிடம் கோள் மூட்டவோ அவருக்கு உரிமையில்லை. வல்லாஹு அஃலம்.